மூன்றுக்குப் பதினைந்து

ஆடு புலி ஆட்டத்தில் ஒரு பக்கம் 3 புலிகள், மறுபக்கம் 15 ஆடுகள். தலையை மட்டும் எண்ணினால் ஆடுகள் கட்சிதான் பெரிது. பல்லைப் பார்த்தால் புலிகள் கட்சி. ஆடிப் பழகியவர்கள் எந்தப் பக்கம் கிடைத்தாலும் தயங்காமல் உட்காருவார்கள். பலம் வேறு, வேலை வேறு, ஆனாலும் ஜெயிக்க இரண்டு பேருக்கும் வழி உண்டு. சமமில்லாத இரண்டு படைகளைச் சமமாக மோதவிடுவது எப்படி என்ற கேள்விக்கு நம் ஊர் கொடுத்த பதில் இந்த ஆட்டம்.

பல்லாவரம், திரிசூலம், பம்மல் குன்றுகளில் கல்குவாரிகள் மும்முரமாக ஓடிய காலத்தில் வளர்ந்தவன் நான். அப்பா திரிசூலத்தில் கல் உடைத்தார். வெடி வைக்கும் நேரத்தில் எல்லோரும் தள்ளிப்போய்க் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் தட்டையான ஒரு பாறையில் கரியால் கோடு போடுவார்கள். உச்சியிலிருந்து விரிந்து இறங்கும் கோடுகள், அவற்றை வெட்டும் குறுக்குக் கோடுகள், மொத்தம் 23 சந்திகள். புலிக்குச் சல்லிக்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. தமிழ்நாட்டின் பல கோயில்களில் கல்தளத்திலேயே இந்தக் கட்டம் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். குவாரியில் அது அடுத்த மழையோடு போய்விடும். மறுநாள் வேறொரு பாறையில் பிறக்கும்.

புலிகள் முதலிலேயே கட்டத்தில் உட்கார்ந்துவிடும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். 15 ஆடுகளும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. பக்கத்துச் சந்தியில் ஆடு இருந்து, அதற்கு அடுத்த சந்தி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். பின்னால் இன்னொரு ஆடு அண்டக் கொடுத்து நின்றால் வெட்ட முடியாது. தனி ஆடு இரை. இரண்டு ஆடு சேர்ந்தால் அரண். மூன்று புலிகளும் அசைய இடமில்லாமல் அடைபட்டால் ஆடு கட்சி ஜெயித்தது.

சிறுவன் ஒருவன் தேர்ந்த ஆட்டக்காரர் எதிரே உட்கார்ந்தால், "ரெண்டு ஆடு சேத்து வச்சுக்க தம்பி" என்பார் பெரியவர். இரண்டு புளியங்கொட்டையால் நாற்பது வருட அனுபவத்தை ஈடுகட்டிவிட்டு, அதன்பின் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் ஆடுவார். சரிக்குச் சரியான இருவர் என்றால் பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம். புலியாக இருந்து அதிக ஆடு வெட்டியவருக்கு வெற்றி. பிற்காலத்தில் தாம்பரத்தில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தபோது, நியாயமான ஈடு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கு பல நாடுகளில் நடந்திருக்கிறது. நேபாளத்தின் பாக் சால் ஆட்டத்தில் கட்டம் வேறு. ஆனால் 4 புலிக்கு 20 ஆடு. அங்கும் இங்கும் ஒரு புலிக்கு ஐந்து ஆடு! நீவர்கெல்ட், லிம் யூ ஜின் என்ற ஆய்வாளர்கள் பாக் சாலைக் கணினியில் அலசி, இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமனில்தான் முடியும் என்று நிறுவினார்கள். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே மலையூர் மக்கள் ஆடி ஆடி 4-க்கு 20 என்ற எண்ணை எட்டிவிட்டார்கள். 1732-இல் லாப்லாந்துக்குப் போன லின்னேயஸ் குறித்துவைத்த தப்லுட் ஆட்டத்தில் ஓர் அரசனையும் 8 வீரர்களையும் 16 பேர் சூழ்ந்து தாக்குகிறார்கள். சதுரங்கத்தில் இருபடையும் ஒன்றுதான் என்றாலும், காய்க்குக் காய் மதிப்பு வேண்டியிருந்தது. 9-ஆம் நூற்றாண்டில் அல்-அத்லி காய்களைத் திர்ஹம் காசில் மதிப்பிட்டார். இன்று சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டின் புள்ளிக் கணக்கும் இதே தேவையில் பிறந்தது. 1824-இல் பிரஷ்ய ராணுவம் ஏற்ற கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டு அதிகாரிகளின் பயிற்சிக்கானது. அங்கே ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் அதுவும் பாடம்தான், நடுவர் பார்த்துக்கொள்வார். பொழுதுபோக்காக ஆடும் இருவருக்கு நடுவர் ஏது? அதனால்தான் யானைக்கு ஒரு விலை, வில்லாளிக்கு ஒரு விலை என்று வைத்து, இருவரும் ஒரே தொகைக்குப் படை திரட்டும் முறை பரவியது. பண்டைக்காலப் போர்களுக்காக பிரிட்டனில் எழுதப்பட்ட படைப்பட்டியல்களில் தமிழர் படையும் இருக்கிறது.

விலைப்பட்டியல் இல்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2015-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் ஏஜ் ஆஃப் சிக்மர் என்ற பொம்மைப்படை ஆட்டத்தைப் புள்ளிகளே இல்லாமல் வெளியிட்டது. ஆட்டக்காரர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். மறு ஆண்டே புள்ளிகளோடு விதிநூல் வந்தது.

சேலையூரில் என் பேரனும் நண்பர்களும் சாப்பாட்டு மேசையில் இந்தப் பொம்மைப் படைகளை மோதவிடுகிறார்கள். புள்ளிக் கணக்கில் ஓட்டை இருக்கிறது, மலிவான படையை வாங்கிக் குவித்து ஏமாற்றலாம் என்று ஒரு பையன் குறைப்பட்டான். அவன் சொல்வது உண்மை. ஒரே ஆடு ஓரச் சந்தியில் ஒரு விலை, நடுச் சந்தியில் வேறு விலை. எந்தப் பட்டியலும் அதை முழுதாகப் பிடிக்காது. ஊருக்கு ஊர் நம் ஆட்டத்தில் கோடும் ஆட்டின் எண்ணிக்கையும் மாறியதற்குக் காரணம், ஆடியவர்கள் ஓட்டையைக் கண்டதும் அடைத்ததாகத்தான் இருக்க வேண்டும். எண் தவறினால் எண்ணைத் திருத்த வேண்டும். எண்ணே வேண்டாம் என்று விட்டால், நிறைய பொம்மை வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளைதான் தினமும் ஜெயிப்பான். மற்றவன் நாலாம் நாள் வரமாட்டான். அவனையும் மேசைக்கு வரவைப்பதற்காகவே இந்தக் கணக்கு.