வழித்தண்ணீர்

மொஹாவிப் பாலைவனத்தைக் காரில் கடப்பவர்கள் இன்று பெரும்பாலும் நாற்பதாம் எண் விரைவுச்சாலையிலேயே போய்விடுகிறார்கள். நாங்கள் லட்லோவில் விலகி, பழைய அறுபத்தாறாம் எண் சாலையைப் பிடித்தோம். வழியில் பார்க்கச் சுவையான இடங்கள் எவை என்பதே புறப்படும்போது எங்களிடம் இருந்த கேள்வி. ஆம்பாயில் 'ராய்ஸ்' விடுதியின் பெரிய பெயர்ப்பலகையடியில் இறங்கி நின்றபோது கேள்வி மாறிவிட்டது. சுற்றிலும் எரிமலைக் கருங்கல்லும் உப்பு வெளியும்தான். இங்கே ஏன் ஓர் ஊர்?

இப்பாலையின் பழைய வழி இன்னும் வடக்கே, சுனைக்குச் சுனை தாவிச் சென்ற ஒற்றையடிப் பாதை. அது மொஹாவி மக்களுடையது. 1776இல் கார்சேஸ் பாதிரியாரை அழைத்துச் சென்றவர்களும் அவர்களே. அங்கே நிறுத்தங்களைத் தீர்மானித்தது நீர். 1883இல் வந்த இருப்புப்பாதை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. நீராவி எஞ்சினுக்கு நீர் வேண்டிய இடத்தில் நிலையம் வைத்தார்கள். மண்ணில் நல்ல நீர் இல்லையென்றால் இரயிலிலேயே கொண்டுவந்தார்கள். ஆம்பாய்க்கும் அப்படித்தான் வந்தது. ஊர்ப்பெயர்களைக்கூட அகரவரிசையில் இட்டார்கள்: ஆம்பாய், பிரிஸ்டல், காடிஸ், டான்பி... எழுதிவைத்த பட்டியலைத் தண்டவாளத்தின் மேல் விரித்ததுபோல.

ஆம்பாய்க்குச் சற்று மேற்கே இருந்த பாக்தாதில் 1912 அக்டோபர் முதல் 1914 நவம்பர் வரை 767 நாட்கள் மழையே பெய்யவில்லை. அமெரிக்காவில் பதிவான மிக நீண்ட வறட்சி அது. அந்த ஊர் இன்று இல்லை. பெர்சி ஆட்லனின் 'பாக்தாத் கஃபே' (1987) திரைப்படத்தை நினைத்துக்கொண்டு இங்கே தேடினால் ஏமாற்றமே. அதைப் படம்பிடித்தது மேற்கே நியூபெரி ஸ்பிரிங்ஸில். ஊற்று இருந்ததால் பாலை நிலையங்களுக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்த ஊர் அது. அங்கிருந்த உணவகம் பின்னாளில் படத்தின் பெயரையே சூடிக்கொண்டது.

1926இல் அறுபத்தாறாம் எண் சாலை உருவானபோது அது தண்டவாளத்தை ஒட்டியே போனது. எஞ்சினின் தாகம் போய்க் காரின் தாகம் வந்தது. ரேடியேட்டர் கொதிக்கும் என்று அஞ்சி மக்கள் முகப்பில் கித்தான் நீர்ப்பைகளைத் தொங்கவிட்டு, வெயில் சாய்ந்தபின் கடந்தார்கள். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் (1939) ஸ்டைன்பெக் ஜோட் குடும்பத்தை இரவில்தான் கடக்கவைக்கிறார். மறுகரை சேரும்போது பாட்டி உயிரோடில்லை. எஸெக்ஸில் ஆட்டோமொபைல் சங்கத்தார் கிணறு தோண்டி இலவசமாக நீர் கொடுத்தார்கள். தண்ணீர்ப்பந்தல் என்றே சொல்லலாம்.

ஆனால் நிறுத்தம் இருந்ததனாலேயே அது எல்லோருக்கும் இருந்ததாகாது. கறுப்பினப் பயணிகளை ஏற்க மறுத்த விடுதிகளும் உணவகங்களும் இச்சாலை நெடுக இருந்தன. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்' கையேடு, எங்கே கதவு திறக்கும் என்பதைச் சொல்லத்தான் வெளிவந்தது. விக்டர்வில் அருகே மர்ரே தம்பதியர் நடத்திய பண்ணை விடுதி அத்தகைய அபூர்வமான இடம். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி 1937இல் அங்கே வந்து தங்கினார். நகரத்தில் ஒரு கதவு மூடினால் அவமானம். இங்கே நடுப்பகலில் மூடினால், அடுத்த கதவு வரை கார் ஓடவேண்டும், உள்ளே இருப்பவர்களும் தாங்கவேண்டும். பழைய சாலையைப் பற்றிய ஏக்கக் கட்டுரைகளில் இந்தக் கணக்கு அரிதாகவே வருகிறது. நாங்களும் அந்த ஏக்கத்தோடுதான் கிளம்பினோம்.

1973இல் விரைவுச்சாலை வடக்கே திறந்தது. ஆம்பாயின் வியாபாரம் ஏறக்குறைய ஒரே நாளில் நின்றது. குளிர்சாதனக் காருக்கு இடையில் தண்ணீர் தேவையில்லை. 2005இல் ஆல்பர்ட் ஒகுரா 4,25,000 டாலருக்கு ஊரையே வாங்கினார். 2008இல் பெட்ரோல் பம்பு திறந்தது. 1959இல் நட்ட பலகையின் நியான் விளக்கு 2019இல் மீண்டும் எரிந்தது. ஒகுரா 2023இல் காலமானார்.

எஸெக்ஸ் பக்கம் சாலைக்கு வந்த இடையூறு வேறுவகை. 2014இலும் 2017இலும் திடீர் வெள்ளம் பழைய மரப்பாலங்களை உடைத்தது. ஆம்பாய்க்குக் கிழக்கே சாலை நெடுங்காலம் மூடிக் கிடந்தது. மழையே காணாத பாக்தாதின் சாலையைக் கடைசியில் அறுத்தது தண்ணீர்தான்.