கொசைன் உருமாற்றமும் கைப்பேசிக் காணொளியின் விரைவும்: கணக்கீட்டுக் குறைப்பின் வரலாறு (1974–2017)

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசிச் செயலிகளில் காணொளி தடையின்றி இயங்குவதற்குச் சில்லுகளின் வேகமே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. கணக்கீட்டின் அளவைக் குறைத்த முறைகளும் அதற்கு இன்றியமையாதவை என்பதை 1974 முதல் 2017 வரையிலான வளர்ச்சியைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்நேரக் காணொளி, கொசைன் உருமாற்றம், கைப்பேசி, கணக்கீட்டுக் குறைப்பு, காயல்பட்டினம்.

முன்னுரை

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த காயல்பட்டினம், கடல்கடந்து பொருளீட்டும் மரபுடைய ஊர். பிரிந்து வாழ்ந்த குடும்பங்களை முன்னர் அரபுத்தமிழ் மடல்கள் இணைத்தன. இன்று காணொளி அழைப்புகள் இணைக்கின்றன. மடல் நாட்கணக்கில் தாமதிக்கலாம். முகம் பார்த்துப் பேசும் உரையாடல் தாமதம் பொறாது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. நொடிக்கு 30 சட்டகங்கள் எனில், ஏறத்தாழ 33 மில்லிநொடிக்கு ஒருமுறை புதிய சட்டகம் வந்து சேரும். அதற்கு ஈடுகொடுக்கும் ஆற்றல் சிறிய கருவிக்கு எவ்வாறு கிட்டியது என்பதே இங்கு ஆய்வுப்பொருள்.

உருமாற்றத்தின் தோற்றம்

பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, 1972-இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, கொசைன் சார்புகளைக் கொண்டு தரவைச் சுருக்கும் ஆய்வுக்கு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கோரினார். நிதி கிடைக்கவில்லை. கருத்து மிக எளிமையானது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாகப் பின்னர் 1991-இல் அவர் பதிவுசெய்தார். எனினும் ஆய்வு நிற்கவில்லை. அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜனும், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று டெக்சாசில் பேராசிரியராயிருந்த கே. ஆர். ராவும் உடன் உழைத்தனர். மூவரும் எழுதிய கட்டுரை 1974 சனவரியில் வெளிவந்தது.

அடுத்தடுத்த படப்புள்ளிகள் பெரும்பாலும் ஒத்த மதிப்புடையவை. இவ்வொற்றுமையைப் பயன்படுத்தி, படத்தின் பெரும்பகுதிச் செய்தியைச் சில கெழுக்களில் குவிப்பதே இவ்வுருமாற்றத்தின் பயன். 1988-இல் உருவான எச்.261 காணொளிச் செந்தரம், படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பகுத்து இதனைக் கையாண்டது.

பெருக்கல்களின் கணக்கு

640×480 புள்ளிகள் கொண்ட சட்டகத்தில் ஒளிர்வுக்கு 4,800 கட்டங்கள் உள்ளன. நிறச்செய்தியைக் குறைத்துப் பதியும் வழக்கமான முறையில் மேலும் 2,400 கட்டங்கள் சேரும். ஆக, நொடிக்கு 30 சட்டகங்களுக்கு 2,16,000 கட்டங்கள்.

வரையறையை நேரடியாகப் பின்பற்றினால் ஒரு கட்டத்திற்கு 4,096 பெருக்கல்கள் தேவை. நொடிக்கு அவை 88 கோடியைத் தாண்டும். முதலில் வரிசைகளுக்கும் பின்னர் நிரல்களுக்கும் தனித்தனியே உருமாற்றம் செய்தால் 1,024 பெருக்கல்கள் போதும். விடை மாறுவதில்லை. வரிசை அல்லது நிரல் ஒன்றின் 8 புள்ளிகளுக்கு 64 பெருக்கல்கள் என்பதை லோஃப்ளர், லிக்டென்பெர்க், மோஷிட்ஸ் ஆகியோர் 1989-இல் 11 ஆகக் குறைத்தனர். அவ்வழியில் ஒரு கட்டத்திற்கு 176 பெருக்கல்கள். நொடிக்கு ஏறத்தாழ 3.8 கோடி. தொடக்க அளவில் இது 23-இல் ஒரு பங்கு.

எல்லையைக் கடந்த வழி

8 புள்ளி உருமாற்றத்திற்கு 11 பெருக்கல்களே கோட்பாட்டுக் கீழெல்லை. ஆயினும் அராய், அகுய், நகாஜிமா ஆகியோரின் 1988ஆம் ஆண்டு முறைக்கு 5 பெருக்கல்களே தேவைப்பட்டன. இதில் முரண்பாடு இல்லை. உருமாற்றத்தின் பின் கெழுக்களை வரையறுத்த படிகளுக்குள் அடக்கும் நிலையில் எப்படியும் பெருக்கல் உண்டு. எஞ்சிய பெருக்கல்களை அவர்கள் அதனுள் இணைத்துவிட்டனர். 2003-இல் வந்த எச்.264 செந்தரம் இதே வழியில் மேலும் சென்றது. அதன் 4×4 முழுஎண் உருமாற்றத்தின் மையப்பகுதியைக் கூட்டல், கழித்தல், இருமஎண் இடப்பெயர்வு ஆகியவற்றாலேயே முடிக்கலாம். முழுஎண் கணக்காதலால், கருவிக்குக் கருவி விடை சிறிதளவு வேறுபட்டுப் பிழை பெருகும் பழைய குறையும் நீங்கியது.

பிற படிகளிலும் அதே நெறி

உருமாற்றம் ஒரு படி மட்டுமே. காணொளியைச் சுருக்குவதில் முந்தைய சட்டகத்தோடு ஒப்பிட்டு அசைவைத் தேடும் படிக்கே செலவு மிகுதி. எத்திசையிலும் 7 புள்ளி வரை முழுமையாகத் தேடினால் 225 இடங்களை ஒப்பிடவேண்டும். கோகா முதலியோர் 1981-இல் வகுத்த மூன்றுபடித் தேடலில் 25 இடங்கள் போதும். ஆனால் இது தோராய முறை; மிகச் சிறந்த பொருத்தம் தவறவும் கூடும்.

முகத்தின் பின்னணியை மங்கலாக்குதல் போன்ற அண்மைப் பணிகளை நரம்பு வலையமைப்புகள் செய்கின்றன. 2017-இல் வெளியான மொபைல்நெட், கன்வல்யூஷன் எனப்படும் வடிகட்டலை இரு படிகளாகப் பிரித்து, 3×3 வடிகட்டியில் கணக்கீட்டை 8 முதல் 9 மடங்கு குறைத்தது. கொசைன் உருமாற்றத்தை வரிசையாகவும் நிரலாகவும் பிரித்ததோடு இது நெறியளவில் ஒப்புமை உடையது. எனினும் அங்கு விடை மாறவில்லை. இங்குத் துல்லியம் சிறிது குறைகிறது.

முடிவுரை

ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் ஏ.ஆர்.எம். நியான் போன்ற வன்பொருள் வசதிகளின் பங்கு மறுக்கத்தக்கதன்று. ஆனால் ஒவ்வொரு கணக்கீடும் மின்கலத்தைக் கரைத்து வெப்பத்தைக் கூட்டுவதால், கைப்பேசியில் வன்பொருளை மட்டும் நம்புதல் இயலாது. வேலையைப் பிரித்தல், எப்படியும் நிகழவேண்டிய வேலைக்குள் அதை அடக்குதல், தேவையற்ற தேடலைத் தவிர்த்தல் ஆகிய மூன்று நெறிகளே இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வெளிப்படுகின்றன. விலை குறைந்த கைப்பேசியிலும் காயல்பட்டினத்துத் தாய் கடலுக்கு அப்பாலுள்ள மகனின் முகத்தைக் காண்பதற்கு இந்நெறிகளும் காரணம். எளிமையானது என ஒதுக்கப்பட்ட கருத்தே இதற்கு அடித்தளமானது என்பது, ஆய்வு முன்மொழிவுகளை மதிப்பிடுவோர் மறவாதிருக்கவேண்டிய செய்தி.