ரோஜர் ஹோவ்: சில்லின் மேல் அசையும் சீப்பு

ரோஜர் டி. ஹோவ் அமெரிக்க மின்பொறியியல் ஆய்வாளர், பேராசிரியர். மின்சுற்றுகள் அமைந்த அதே சிலிக்கான் சில்லின் மேற்பரப்பில் அசையும் இயந்திர உறுப்புகளையும் செய்யும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர். கைபேசியைச் சாய்த்தால் திரை திரும்புகிறது. கார் மோதினால் காற்றுப்பை விரிகிறது. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் முடுக்கமானி, கொட்புமானி ஆகிய நுண் உணரிகள் பலவற்றில் ஹோவின் ஆய்வுத் தடம் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்தவர் என்று அவரை மட்டும் சுட்டுவது சரியாகாது. யோசனை அவருக்கு முன்பே இருந்தது. அது நடைமுறைக்கு வராமல் தடுத்த சிக்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பதிலேயே அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

முன்வரலாறு

1960களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஹார்வி நாதன்சன் குழுவினர் டிரான்சிஸ்டருக்கு மேல் அதிரும் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றை அமைத்தனர். குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டியாக அதைப் பயன்படுத்துவது நோக்கம். ஆனால் உலோகம் காலப்போக்கில் தளர்ந்தது, வெப்பநிலை மாறினால் அதிர்வெண்ணும் நகர்ந்தது. அந்த முயற்சி சந்தைக்கு வராமலே நின்றது.

1979இல் ஸ்டான்ஃபோர்டில் லின் ராய்லன்ஸ், ஜேம்ஸ் ஏஞ்சல் இருவரும் சிலிக்கானில் ஒரு முடுக்கமானியைச் செய்து காட்டினர். உடலுக்குள் ஏற்படும் அசைவுகளை அளப்பது போன்ற மருத்துவப் பயன்களுக்காக எண்ணப்பட்டது அது. சிலிக்கான் தகட்டை ஆழமாக அரித்து, மேலும் கீழும் கண்ணாடி மூடிகளை ஒட்டிச் செய்ய வேண்டியிருந்தது. கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சில்லுத் தொழிற்சாலையின் அன்றாட வேலை வரிசைக்குள் அந்த முறை எளிதில் பொருந்தவில்லை.

பெர்க்லி ஆய்வேடு

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் 1979இல் இயற்பியல் பட்டம் பெற்ற ஹோவ், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் முல்லரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். தகட்டைக் குடைவதற்குப் பதிலாக, அதன் மேலே படலங்களை அடுக்கி இயந்திரம் செய்யும் வழியை இருவரும் எடுத்துக்கொண்டனர்.

கான்கிரீட் தளம் போடுபவர்கள் சென்ட்ரிங் பலகை அடித்து, தளம் இறுகியபின் பலகையைப் பிரித்துவிடுவார்கள். இந்த முறையும் ஏறத்தாழ அதுவே. முதலில் பாஸ்பரஸ் கலந்த கண்ணாடிப் படலம் ஒன்று இடப்படும். அதன்மேல் பாலிசிலிக்கான் படலம் படியவைக்கப்பட்டு வேண்டிய வடிவில் வெட்டப்படும். கடைசியில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கண்ணாடியைக் கரைக்கும். சிலிக்கானை அது தொடாது. அடியில் இருந்தது போய்விட, பாலிசிலிக்கான் பட்டை அந்தரத்தில் பாலம்போல் நிற்கும்.

பாலிசிலிக்கான் அன்றைய எல்லாச் சில்லுத் தொழிற்சாலைகளும் கையாண்ட பொருள். உலோகத்தைப்போல் அது தளர்வதில்லை. ஆனால் படியும்போதே உள்ளழுத்தத்தோடு படியும். கண்ணாடியைக் கரைத்ததும் பட்டை வில்லாக வளைந்துவிடும். உயர் வெப்பத்தில் பதப்படுத்தி அந்த அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று ஹோவும் முல்லரும் 1983இல் வெளியிட்ட கட்டுரைகளில் ஆராய்ந்தனர். 1984இல் ஹோவ் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேட்டின் கருவி அசைவு உணரி அல்ல, ஆவி உணரி. அதிரும் பாலத்தின் மேலுள்ள பாலிமர்ப் பூச்சு ஆவியை உறிஞ்சும்போது எடை கூடி, அதிர்வெண் குறையும். அதே சில்லிலேயே டிரான்சிஸ்டர் சுற்றும் இருந்தது. கருவியை விட இந்தக் கூட்டமைப்புதான் பின்னாளில் முக்கியமாயிற்று.

மோட்டாரும் சீப்பும்

கார்னகி மெலன், எம்.ஐ.டி. ஆகிய இடங்களில் சிறிது காலம் கற்பித்தபின் 1987இல் ஹோவ் பெர்க்லிக்கே ஆசிரியராகத் திரும்பினார். அடுத்த ஆண்டு அங்கே முல்லரும் அவருடைய மாணவர்களும் தலைமயிரின் தடிமனை ஒத்த அளவில் சுழலும் மின்மோட்டார் ஒன்றை ஓட்டிக் காட்டினர். அது பெரும் கவனத்தைப் பெற்றது. ஆனால் அந்த அளவில் உராய்வு கொடியது. மேற்பரப்புகள் உரசும் எந்த இயந்திரமும் விரைவில் தேய்ந்துபோகும் அல்லது சிக்கிக்கொள்ளும்.

1989இல் வில்லியம் டாங், கிளார்க் நுயென் ஆகிய மாணவர்களுடன் ஹோவ் வெளியிட்ட கருவி பார்வைக்கு அவ்வளவு கவர்ச்சியானதல்ல. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் கோத்தது போன்ற அமைப்பு அது. ஒன்று அசையாதது, மற்றது மடிந்த விற்பட்டைகளில் தொங்குவது. மின்னழுத்தம் கொடுத்தால் தொங்கும் சீப்பு பக்கவாட்டில் இழுபடும். பற்களுக்கு இடையிலான இடைவெளி மாறாததால் இழுவிசை சீராக இருக்கும். எதுவும் எதோடும் உரசுவதில்லை. சீப்பு அசைந்தால் மின்தேக்கமும் மாறும் என்பதால் அதே அமைப்பைக் கொண்டு அசைவை அளக்கவும் முடியும். மோட்டாரைவிடச் சீப்பே நீண்டகாலம் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. 1993இல் டிரேப்பர் ஆய்வகத்தினர் அறிவித்த இசைக்கவை வகைக் கொட்புமானியில், நிறைகளை இடைவிடாமல் ஆட்டிவைத்தது இந்தச் சீப்பு இயக்கிதான்.

ஒட்டிக்கொள்ளும் சிக்கல்

கண்ணாடியைக் கரைத்தபின் சில்லை நீரில் அலசி உலர்த்த வேண்டும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வது போல, வற்றும் நீரின் பரப்பு இழுவிசை பட்டைகளைக் கீழே இழுத்து அடித்தளத்தோடு ஒட்டவைத்துவிடும். பிறகு அவை எழுவதில்லை. இத்தனை வேலையும் கடைசி நிமிடத்தில், உலர்த்தும் தட்டில் வீணாகும்.

1993இல் ஹோவும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். திரவத்தை அழுத்தத்தில் உள்ள கரியமில வாயுவால் மாற்றி, 31 பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால், திரவம் வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடும். பரப்பு இல்லாதபோது பரப்பு இழுவிசையும் இல்லை. உலர்ந்தபின் பயன்பாட்டின்போது ஒட்டாமல் இருக்க, ஒரே மூலக்கூறு தடிமனில் எண்ணெய்த்தன்மை கொண்ட பூச்சு ஒன்றை ரோயா மபூடியனுடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

காற்றுப்பைச் சில்லு

அதுவரை பல கார்களில் மோதலை உணர்ந்தது, குழாய்க்குள் காந்தம் பிடித்துவைத்திருந்த ஓர் உலோக உருண்டை. மோதலில் உருண்டை விடுபட்டு ஓடி மின்சுற்றை மூடும். வண்டியில் இப்படிப் பல உணரிகளைப் பொருத்த வேண்டியிருந்தது. அனலாக் டிவைசஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ஏடிஎக்ஸ்எல்50 என்ற முடுக்கமானியைக் கொண்டுவந்தது. புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 50 மடங்கு வரை அளக்கும் அந்தச் சில்லில், பாலிசிலிக்கான் படலம், கரையும் அடிப்படலம், கோத்த பற்கள், பக்கத்திலேயே மின்சுற்று ஆகிய எல்லாம் இருந்தன. அசையும் நிறை ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குதான். அதைத் தயாரிப்பு நிலைக்குக் கொண்டுவந்த உழைப்பு அந்நிறுவனப் பொறியாளர்களுடையது. முறை பெர்க்லி வழிவந்தது.

பிற்காலப் பணி

இயந்திரத்தையும் சுற்றையும் ஒரே சில்லில் வைப்பதில் ஒரு முரண் இருந்தது. பாலிசிலிக்கானைப் பதப்படுத்தத் தேவையான வெப்பத்தை, முடிந்துவிட்ட சுற்றின் அலுமினிய இணைப்புகள் தாங்கமாட்டா; அவற்றுக்கு எல்லை 450 பாகை அளவே. சுமார் அந்த வெப்பத்திலேயே படியும் சிலிக்கான்-ஜெர்மானியக் கலவையை ட்சு-ஜே கிங் முதலியோருடன் ஹோவ் ஆராய்ந்தார். அதில் அடிப்படலமாக ஜெர்மானியத்தை இட்டு, அமிலத்துக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடால் கரைக்கலாம்.

1998இல் முல்லருடன் சேர்ந்து ஐ.இ.இ.இ. அமைப்பின் கிளீடோ புருனெட்டி விருதைப் பெற்றார். 2005இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்துக்குத் தேர்வானார். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். சிலிக்கான்-ஜெர்மானிய அதிரிகளைக் கொண்டு கடிகாரச் சில்லுகள் செய்ய அவர் இணைந்து நிறுவிய சிலிக்கான் கிளாக்ஸ் நிறுவனத்தை 2010இல் சிலிக்கான் லேப்ஸ் வாங்கியது.

அசைவு உணரிச் சந்தை பெரும்பாலும் வேறு வழியில் சென்றது. இன்றைய கைபேசி உணரிகள் பலவற்றில் இயந்திரம் ஒரு தகட்டிலும் சுற்று இன்னொன்றிலும் தனித்தனியே செய்யப்பட்டு, பிறகு ஒன்றாக இணைக்கப்படுகின்றன. ஒரே சில்லு என்ற ஹோவின் விருப்பம் அங்கே விலைக்கணக்கில் பின்தங்கியது. ஆனால் அந்த இயந்திரத் தகட்டில் சீப்பின் பற்களைக் காணலாம்.