‘ஆன்டிக்’ தூண் விளக்கு: நிஜமாவே பழசா? கண்டுபிடிப்பது எப்படி?

கிரேக்கக் கோயில் தூண் போல தண்டு, மேலே துணி ஷேடு, கறுத்துப்போன பித்தளை நிறம். இந்த டேபிள் லேம்ப்பை நாமகிரிப்பேட்டையில் இருந்து ஆன்லைனில் ஆர்டர் செய்தாலும் சரி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் நேரில் வாங்கினாலும் சரி, சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

டிசைன் எங்கிருந்து வந்தது?

இத்தாலியில் ஹெர்குலேனியம் (1738), பாம்பேய் (1748) அகழாய்வுகள் தொடங்கிய பிறகு, ஐரோப்பாவில் நியோகிளாசிக்கல் பாணி பரவியது. தூண் வடிவ மெழுகுவர்த்தித் தாங்கிகள் வந்தன. மின்சாரம் வந்ததும் அதே வடிவம் லேம்ப் ஆனது.

நிறத்தை நம்பலாமா?

கூடாது. பித்தளை தானாகக் கறுத்துப் பச்சை பூக்க பல ஆண்டுகள் ஆகும். ரசாயனம் பூசினால் சீக்கிரமே அந்த நிறம் வந்துவிடும். இதுதான் ‘ஆன்டிக் ஃபினிஷ்’. அதை வாங்குவது தப்பில்லை. பழம்பொருள் விலை கொடுப்பதுதான் நஷ்டம்.

எப்படி சோதிப்பது?

• தண்டின் வெளிப்புறத்தில் காந்தம் பலமாக ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பு.
• கை படும் இடம் தேய்ந்து, இடுக்கில் மட்டும் கறுப்பு இருந்தால் பழசாக இருக்கலாம். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சந்தேகப்படுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு பழமையான கைவினைப் பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

உடனே பிளக்கில் சொருகலாமா?

வேண்டாம். பழைய ஒயரின் உறை வெடித்திருந்தால், உலோகத் தண்டில் கரண்ட் பாயும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒயர், ஹோல்டரை மாற்றி, எர்த் உள்ள த்ரீ பின் பிளக் போட்ட பிறகே எரிய விடுங்க.