எல்லைப்புறத் தூண்டிலும் அதன் இழைப்பெயர்களும்

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் பாறசாலையோடு கேரளத்தில் நின்றது. கடற்கரையில் நீரோடி இப்புறமும் பொழியூர் அப்புறமும் ஆயின. ஆட்சியெல்லை பிரித்த இக்கரையின் தொழிற்சொற்களுள் தூண்டிலின் இழையைக் குறிப்பன மொழிபெயர்ப்பாளரால் தனித்து நோக்கத்தக்கன.

தமிழில் தூண்டில், மலையாளத்தில் சூண்ட. இதனைத் தகர சகர மாற்றமெனக் கொள்ளுதல் எளிது. ஆனால் ‘அடித்து’ ‘அடிச்சு’ ஆவது போன்ற அண்ணமாதல் முன்னுயிரை அடுத்தே நிகழ்வது. சொன்முதலில் ஊகாரத்தின் முன் அதற்கு இடமில்லை. மலையாளத்தில் ‘சூண்டுக’ என்பது சுட்டிக்காட்டுதலையும் குறித்தலின், இருவினைகளையும் வேறாக வைத்தே ஆராய்தல் தகும்.

இழையைப் பெரும்பாணாற்றுப்படை நாண் என்கிறது. பிற்காலத்தில் கயிறு, நூல் என்பன வழங்கின. இவை யாவும் முறுக்கப்பட்ட பொருள்கள். பருத்தி நூல் கடல்நீரில் மட்குமாதலால் பனிச்சங்காய்ச் சாறு போன்ற துவர்ப்பொருளில் தோய்த்தனர். முறுக்கும் துவரேற்றமுமே அன்று நல்ல நூலுக்கு அடையாளம்.

1938-இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. 1952-இல் ஒப்பந்தமாகி நீண்டகரையில் நடந்த இந்தோ-நார்வே திட்டம் கேரளக் கரைக்கு நைலான் வலையைக் கொணர்ந்தவற்றுள் ஒன்று. துவரேற்றம் தேவையற்றதாயிற்று; அதற்குரிய சொற்களும் ஒதுங்கின. முறுக்கற்ற ஒற்றையிழை வந்தபின் தேர்வு குறுக்களவைச் சார்ந்தது: தடித்தது வலியது, ஆயினும் மீனுக்குத் தெரியும், மெல்லியது மறையும், ஆயின் அறும். சுறாவின் பல்லுக்கு இரண்டும் நில்லாமையின் கொக்கியருகே கம்பி வேண்டும்.

இவ்வொற்றையிழையைத் தமிழர் நரம்பு என்றனர். யாழ் நரம்பை அறிந்த மொழிக்கு இஃது இயல்பே. மலையாளத்தில் தங்கூஸ், டங்கீஸ் என்பர், ஈழத்தில் தங்கூசி. தங்க ஊசி எனப் பிரித்துப் பொருள் காண்பது பொருந்தாது. பட்டுப்புழுச் சுரப்பியினின்று எடுத்த தூண்டிலிழைக்குச் சப்பானியப் பெயர் தெகுசு. மலாயில் தூண்டிலிழை தங்சி. சொல் கடல்வழி வந்ததென்பதற்கு இவ்வொப்புமை வலுவான குறிப்பு.

இலங்கை 2006-இல் தடைசெய்த ஒற்றையிழை வலை மக்கள் வழக்கில் தங்கூசி வலை. அதனை ‘நைலான் வலை’ என மொழிபெயர்த்தால் தடைக்குட்படாத முறுக்கிழை வலையும் அதனுள் அடங்கிவிடும். அகராதியை நம்பித் ‘தூண்டிற்கயிறு’ என எழுதினாலோ, கடைக்காரர் முறுக்குக் கயிற்றையே எடுத்துத் தருவார்.