ஒளி மருந்தான வரலாறு

ஃபாரோ தீவுகளில் மாரிக்காலத்தின் மிகக் குறுகிய பகற்பொழுது ஏறக்குறைய 5 மணி நேரமே. 1860-ல் அங்கே பிறந்த நீல்ஸ் ஃபின்சென் என்ற மருத்துவர் வெயிலின் அருமையை உணர்ந்திருந்ததில் வியப்பில்லை. தோலை அரிக்கும் ஒருவகைக் காசநோய்க்கு அவர் செறிந்த ஒளிக்கதிர்களால் சிகிச்சை செய்து, 1903-ல் நோபல் பரிசு பெற்றார். நெடுங்காலம் நோயுற்றிருந்த அவர் மறு ஆண்டே காலமானார்.

அடுத்த அத்தியாயம் ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1960-ல் அமெரிக்காவில் மைமன் என்பார் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அக்கதிரால் கட்டிகளைக் கரைக்கலாமென எண்ணிய புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், எலிகளின் மயிரை மழித்து அதனைப் பாய்ச்சிப் பார்த்தார். கருவியின் வலு போதாமையால் கட்டிகள் கரையவில்லை; ஆயினும் மழித்த இடத்தில் மயிர் விரைந்து வளரலாயிற்று! 1967-ஐ ஒட்டி வெளியான இச்செய்தியே மெல்லொளிச் சிகிச்சைக்கு வித்து. இன்று இதனை ஃபோட்டோபயோமாடுலேஷன் என்கிறார்கள். அடியேன் 'ஒளிவழி உயிர்ச்செயல் திருத்தம்' என்று மொழிபெயர்த்துப் பார்த்தேன், நாவுக்கு இசையவில்லை.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அக்டோபர் 3-ல் கல்கத்தாவில், சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் துர்கா பிறந்தாள். அவருடைய கூற்றை அந்நாளில் ஏற்க மறுத்ததும், 1981-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதும், அந்நகரில் வாழும் நம்மவர் பலரும் கேட்டறிந்த துயரக்கதை.

சோதனைச்சாலையில் கருவுறச் செய்யும் கலை வளர வளர, தாயின் வயது ஏறுந்தோறும் முட்டையின் தரம் குன்றுவதே பெருந்தடை என்பது தெளிவாயிற்று. உயிரணுவுக்கு ஆற்றல் தருபவை மைட்டோகாண்ட்ரியாக்கள்; மனித உயிரணுக்களில் அவை மிகுதியாக உள்ளது முட்டையிலேதான். செவ்வொளியும் அதனை அடுத்த கட்புலனாகாக் கதிரும் அவற்றைத் தூண்டும் என்பது கருத்து. ஜப்பானிய மருத்துவர் ஓஷிரோ, குழந்தைப்பேறு வாய்க்காத பெண்டிருக்கு உடலின் வெளிப்புறத்தே லேசர் ஒளி பாய்ச்சிய தம் அனுபவத்தை 2012-ல் வெளியிட்டார். கருவுற்றோர் சிலர் உண்டு. ஆனால் அவர்கள் ஒளியின்றியே கருவுற்றிருக்க மாட்டார்களா? ஒப்பிட்டு நோக்கும் பெரிய ஆய்வுகளால் அதற்கு இன்னும் விடை கிடைத்திலது. நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்கு வரும் தம்பதியரிடம், கட்டணம் பெறுமுன் இதனைச் சொல்லிவிடுவதே முறை.

வெளியெடுத்த முட்டைக்கும் கருவுக்கும் ஒளியே ஊறு செய்யக்கூடும். நீலஒளி குறிப்பாகத் தீங்கானது. ஆதலால் அச்சோதனைச்சாலைகளில் பெரும்பாலும் விளக்கைத் தணித்தே வேலை செய்கிறார்கள். கரு வளர்வது அடைகாப்புப் பெட்டியின் இருளில்.