சேற்றுக்குள் நடந்த சமையல்: பாதரசம் பற்றி ஒரு பழைய கேள்வி

1959-இல் ஜப்பானின் மினமாட்டாவில் இருந்த சிஸ்ஸோ கம்பெனி ஒரு கேள்வி கேட்டது. கேட்ட நோக்கம் மோசம், ஆனா கேள்வி நல்ல கேள்வி.

அந்த ஊர் மீனவக் குடும்பங்களில் பலருக்குக் கைகால் இழுத்துக்கொண்டது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. பூனைகள் சுற்றிச் சுற்றி விழுந்து செத்தன. மீனில் உள்ள கரிமப் பாதரசம்தான் காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஜூலையில் அறிவித்தது. கம்பெனி கேட்டது இதுதான்: நாங்கள் பயன்படுத்துவது கனிமப் பாதரசம், மீனில் இருப்பது வேற வகை, அப்புறம் எப்படி அது எங்களோடது?

கம்பெனி மருத்துவமனையின் டாக்டர் ஹோசோகாவா, ஆலைக் கழிவை உணவில் கலந்து பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ஆம் எண் பூனைக்கு அக்டோபரில் அதே நோய் வந்தது. முடிவை வெளியே விடவில்லை. அசிட்டால்டிஹைடு தயாரிக்கும் உலைக்குள்ளேயே மெத்தில் பாதரசம் உண்டாகிறது என்பது 1960-களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஆலை அந்த உற்பத்தியை நிறுத்தியதோ 1968-இல்.

ஆக மினமாட்டாவில் குற்றவாளி ஆலைதான். ஆனால் கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஸ்வீடனில் காகிதக்கூழ் ஆலைகளும் குளோரின் ஆலைகளும் வேறு வகைப் பாதரசத்தைத்தான் வெளியே விட்டன. ஆனாலும் மீனில் இருந்தது பெரும்பாலும் மெத்தில் பாதரசம் என்று 1966-இல் குன்னெல் வெஸ்டோ என்ற வேதியியலாளர் காட்டினார். மாற்றியது யார்? யென்சனும் யெர்னெலோவும் அடிச்சேற்றில் கனிமப் பாதரசத்தைக் கலந்து வைத்தார்கள். சில நாளில் மெத்தில் பாதரசம் வந்தது. சேற்றை வேகவைத்துக் கிருமி நீக்கினால் வரவில்லை. 1969-இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரை சொன்னது இதுதான்: சமைப்பது சேற்றில் உள்ள உயிர்கள்.

இங்கே கடலோரம் வருது. அலையாத்திச் சேற்றில் காலை விட்டு எடுத்தால் அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைக் கொண்டு மூச்சுவிடுவதன் கழிவு. இந்த சல்ஃபைடு பாதரசத்தைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிப் புதைத்துவிடும், கழிமுகம் பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பாதி உண்மைதான். 1985-இல் காம்போ, பார்தா இருவரும் நியூ ஜெர்சி பக்கத்துக் கழிமுகச் சேற்றில் மாலிப்டேட் கலந்தார்கள். அது சல்ஃபேட் பாக்டீரியாக்களை மட்டும் முடக்கும். மெத்தில் பாதரச உற்பத்தி 95 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பூட்டி வைக்கும் என்று நம்பிய சேற்றிலேயே சமையல்காரரும் இருந்தார்! (பக் தேடும்போது நான் செய்வதும் இதேதான்: சந்தேகப்படுகிற மாட்யூலை மட்டும் அணைத்துவிட்டுப் பார்ப்பது.) பாதரசத்துக்கு மெத்தில் ஒட்டும் இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடிக்க 2013 ஆகிவிட்டது.

மெத்தில் ஒட்டியதும் பாதரசம் புரதங்களில் உள்ள கந்தகத்தோடு கட்டிக்கொள்கிறது, உடம்பைவிட்டு லேசில் போகாது. உதிர்ந்த இலையும் அதன் மேல் வளரும் கிருமிகளும் நண்டுக்கு, இறாலுக்கு. அவை சிறு மீனுக்கு, சிறு மீன் பெரிய மீனுக்கும் கொக்குக்கும். ஒவ்வொரு படியிலும் அளவு ஏறும். நீரில் இருப்பதைப் போலப் பத்து லட்சம் மடங்கு வரை உச்சியிலுள்ள மீனில் சேரலாம்.

எனக்கு மினமாட்டாவைவிட ஃபுளோரிடாதான் அதிகம் உறுத்துகிறது. அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் நீர் ஷார்க் ஆறு வழியாக அலையாத்திக் காடுகளுக்குள் இறங்குகிறது. கரையில் சிஸ்ஸோ மாதிரி ஒரு ஆலையும் கிடையாது. ஆனாலும் 1989-இல் அங்கே பிடிக்கும் பாஸ் மீனைச் சாப்பிடாதீர்கள் என்று மாநிலம் எச்சரித்தது. அதே வருடம் அங்கே செத்துக் கிடந்த ஒரு பூமாவின் ஈரலில் கிலோவுக்கு 110 மில்லிகிராம் பாதரசம். மான் குறைந்த இடத்தில் பூமா ரக்கூனைத் தின்றது, ரக்கூன் நீரில் கிடைப்பதைத் தின்றது.

பாதரசம் வந்தது மழையில். நிலக்கரியும் குப்பையும் எரித்த புகை வானத்தில் ஏறி இறங்கியது. வடக்கே கரும்பு வயல்களிலிருந்து சல்ஃபேட் வந்தது, பாக்டீரியாவுக்குத் தீனி. சல்ஃபேட் குறைந்தால் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை, மிஞ்சினால் சல்ஃபைடு பாதரசத்தைப் பூட்டிவிடும். நடுவில் இருக்கும் அளவில்தான் சமையல் மும்முரம். எந்த ஒருவர் மேலும் வழக்குப் போட முடியாத குற்றம் இது. கரும்பு விவசாயி பாதரசம் விடவில்லை, புகை விட்டவர் சல்ஃபேட் விடவில்லை.

ஷார்க் ஆற்றில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் ஏற்றவற்றத்தை அளந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, வற்றும்போது அலையாத்திச் சேற்றிலிருந்து வடிகிற நீர், கரைந்த கரிமப் பொருளோடு மெத்தில் பாதரசத்தையும் கடலுக்கு எடுத்துப் போகிறது. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் மீன்பிடி விதிகளில் ஒரு பத்தி உண்டு: பிரதான சாலைக்கு வடக்கே பிடிக்கும் பாஸை உண்ணாதீர்கள், ஃபுளோரிடா விரிகுடாவின் வடபகுதியில் சில மீன்களிலும் பாதரசம் அதிகம்.